75-இல் வந்து போன அதிர்வு: பிக்கப் வைத்திருப்பவர்களுக்காக

‘குறை எதுவும் காணப்படவில்லை’ என்று சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டில் எழுதி, அதற்கும் ஒரு பில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். அன்று வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் முழுதாகத் தணியவில்லை. வாடிப்பட்டியிலிருந்து விருதுநகருக்கும் சாத்தூருக்கும் தேங்காய் ஏற்றிச் செல்லும் பிக்கப் அது. நான்குவழிச் சாலையில் 70 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் சீட்டுக்கு அடியிலிருந்து ஓர் அதிர்வு கிளம்பும். 75-இல் உச்சத்துக்குப் போய்க் கியர் லிவரின் குமிழ் தனியாக ரீங்கரிக்கும். 80-ஐ நெருங்கும்போது சற்று அடங்கும். சில நாள் வரும், சில நாள் வரவே வராது. தொடர்ந்து வந்திருந்தால் யாராவது ஒருவர் முதல் மாதத்திலேயே கண்டுபிடித்திருப்பார்.

முதலில் டயர் கடைக்குத்தான் போனேன். எல்லோரும் அங்கேதான் போவோம், போவதும் முறைதான். அலைன்மென்ட், நான்கு சக்கரத்துக்கும் பேலன்சிங் எல்லாம் முடிந்த பிறகும் அதிர்வு வந்ததால் முன்டயர் இரண்டையும் மாற்ற வைத்தார்கள். புது டயரிலும் அதே அதிர்வு. முன்சக்கரத்தில் கோளாறு இருந்தால் பெரும்பாலும் ஸ்டீயரிங் உதறும். பின்பக்கத்தில் இருந்தால் சீட்டிலும் தரையிலும்தான் தெரியும். என் ஸ்டீயரிங் துளியும் உதறவில்லை என்று கடையில் நுழைந்ததுமே சொன்னேன். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உங்கள் வண்டியில் அதிர்வு எங்கே தெரிகிறது என்பதைத் தீர்மானமாகத் தெரிந்துகொண்ட பிறகே டயருக்குப் பணம் கொடுங்கள்.

அடுத்தது சர்வீஸ் சென்டர். அவர்களுடைய சோதனை ஓட்டம் என்பது மாட்டுத்தாவணி வரை போய்த் திரும்புவது. மதுரை நகருக்குள் எந்த நேரத்தில் போனாலும் 50-ஐத் தொடுவதே கடினம். அங்கே 75-இல் வரும் அதிர்வை எப்படிக் காண முடியும்? நெடுஞ்சாலைக்கு வாருங்கள் என்று மன்றாடிய பிறகு ஒருநாள் ஒரு மெக்கானிக்கை உடன் அனுப்பினார்கள். அன்று பார்த்து வண்டியில் முழு லோடு. கப்பலூர் தாண்டித் திருமங்கலம் வரை 75-இலேயே ஓட்டியும் வண்டி அமைதியாகப் போயிற்று. “நல்லாத்தானே சார் ஓடுது” என்று அவர் சொன்னபோது எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. திரும்பி வந்து லிஃப்டில் ஏற்றி, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்துவிட்டு, ஆட்டமே இல்லை என்று முடித்துவிட்டார்கள். ஷாஃப்டைக் கழற்றிப் பாருங்கள் என்று கேட்டேன், தேவையில்லை என்றார்கள்.

வழி காட்டியது என் லோடு நோட்டுதான். என்றைக்கு என்ன சரக்கு, எத்தனை மூட்டை, திரும்பும்போது வாடகை கிடைத்ததா என்று அதில் எழுதி வைப்பது என் வழக்கம். அதிர்வு வந்த நாள்களை அதற்குப் பக்கத்திலேயே குறிக்கத் தொடங்கினேன். சில வாரங்களில் கணக்குத் தெளிவாயிற்று: போகும்போது ஒருநாள்கூட வரவில்லை. திரும்பும்போதும், விருதுநகரில் பருப்பு மூட்டையோ எண்ணெய் டின்னோ ஏற்றி வந்த நாள்களில் வரவில்லை. காலி வண்டியாகத் திரும்பிய நாள்களில் மட்டுமே வந்திருக்கிறது. மனம்போன போக்கில் வந்து போகிறது என்று நினைத்த ஒன்று, லோடைப் பார்த்து வந்து போயிருக்கிறது.

அதன்பின் காலி வண்டியை எடுத்துக்கொண்டு, போக்குவரத்து குறைந்த அதிகாலையில் சில சோதனைகள் செய்தேன். அதே 75-இல் ஐந்தாம் கியரிலிருந்து நான்காம் கியருக்கு மாற்றினால் எஞ்சின் சுழற்சி கூடும், அதிர்வு மாறவில்லை. நியூட்ரலில் விட்டு உருளவிட்டேன். சற்றுக் குறைந்ததே தவிர நிற்கவில்லை. ஆகவே எஞ்சினும் கிளட்சும் காரணமல்ல, கியர்பாக்ஸுக்குப் பின்னால்தான் பார்க்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் கூடி, விட்டால் தணிந்தது. இழுவை ஏறி இறங்குவதை அங்கே பெரிதும் உணர்பவை ஷாஃப்டும் அதன் இணைப்புகளும். இந்தச் சோதனையைச் செய்பவர்கள் எக்காரணம் கொண்டும் சாவியை அணைக்க வேண்டாம். எஞ்சின் நின்றால் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் இறுகிவிடும், சாவியைத் திருப்பிவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

தங்கை மகன் தன் கைபேசியில் அதிர்வு அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு, அதைச் சீட்டுக்குக் கீழே தரையில் வைத்தான். என் வண்டியின் பின்சக்கரம் ஒருமுறை சுற்றினால் ஏறக்குறைய 2.2 மீட்டர் நகரும். 75 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஒன்பது அல்லது பத்துச் சுற்று. பின் ஆக்சிலில் உள்ள கிரவுன் பல்சக்கரத்தின் விகிதம் ஏறக்குறைய 4, அதாவது ஷாஃப்ட் நான்கு சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று, என்பதால் ஷாஃப்ட் அதே நொடியில் நாற்பது சுற்றை நெருங்கும். டயரோ ரிம்மோ காரணமென்றால் செயலி நொடிக்கு 10 அதிர்வுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். அது காட்டியது 40-க்குப் பக்கத்தில். “மாமா, டயர் இல்ல மாமா, ஷாஃப்ட்!” என்று அவன் கத்தியது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

இந்த விவரங்களோடு, ஷாஃப்ட் வேலை மட்டுமே பார்க்கும் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த வயதான அண்ணன் நான் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, “தம்பி, மாட்டியிருக்கும்போது ஆட்டிப் பாத்தா தேஞ்ச கிராஸ்தான் தெரியும், இறுகிப்போன கிராஸ் தெரியாது. கழட்டினாத்தான் தெரியும்” என்றார். கிராஸ் என்பது ஷாஃப்ட் மடங்கிச் சுழல்வதற்காக அதன் முனையில் இருக்கும் சிலுவை வடிவ இணைப்பு. அதன் நான்கு கைகளிலும் ஊசி பேரிங் அடங்கிய கிண்ணங்கள் இருக்கும். ஷாஃப்டைக் கழற்றி மேசையில் வைத்து, பின்கோடிக் கிராஸை என் கையிலேயே கொடுத்து மடக்கிப் பார்க்கச் சொன்னார். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போயிற்று. மற்றொரு திசையில் நடுவில் வந்ததும் கடக்கென்று பிடித்துக்கொண்டது, அழுத்தினால்தான் விட்டது. கிண்ணத்தின் ஓரத்தில் செந்நிறத் துருப்பொடி படிந்திருந்தது. லாக்கைக் கழற்றிக் கிண்ணத்தைத் தட்டி எடுத்தபோது, ஊசி பேரிங்குகளில் பாதி பொடியாகிக் கொட்டின. கிராஸின் கையில் ஊசிகள் பதிந்த இடமெல்லாம் வரிவரியாகப் பள்ளம் விழுந்திருந்தது.

காலி வண்டியில் மட்டும் ஏன் வந்தது என்பதையும் அவரே விளக்கினார். லோடு இருக்கும்போது ஸ்பிரிங் பட்டை அமுங்கி, ஷாஃப்ட் ஏறக்குறைய நேர்கோட்டில் கிடக்கிறது. கிராஸ் அதிகம் மடங்க வேண்டியதில்லை. லோடை இறக்கியதும் பாடி மேலே எழும்புகிறது, ஷாஃப்டின் சரிவு கூடுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் கிராஸ் கூடுதலாக மடங்கி நிமிர வேண்டியிருக்கிறது. இறுகிப்போன கிராஸ் அப்போது ஷாஃப்டையே இழுத்து அடிக்கிறது. சர்வீஸ் சென்டரின் மெக்கானிக் வந்த அன்று வண்டி ஏன் அமைதியாகப் போயிற்று என்பதற்கும் பதில் கிடைத்துவிட்டது.

கிராஸ் மாற்றும்போது நீங்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். கழற்றுவதற்கு முன், ஷாஃப்ட் நீண்டு சுருங்க இடம்தரும் பல் வைத்த ஸ்லீவிலும், கிரவுன் பக்கத்து இணைப்புத் தட்டான ஃபிளாஞ்சிலும் பெயின்ட் கோடு போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். மாட்டும்போது ஸ்லீவின் பல் ஒன்று தள்ளிப்போனாலும் இரு முனைகளிலும் கிராஸைப் பிடித்திருக்கும் கவைகள் உரிய நேர்நிலையிலிருந்து விலகிவிடும். அதன்பின் புதுக் கிராஸ் போட்டும் வேறோர் அதிர்வு தொடங்கும். அந்த அண்ணன் கோடு போட்ட பிறகே ஸ்பானரைத் தொட்டார். ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பரையும் விரலால் அழுத்திப் பார்த்து, வெடிப்பு இல்லை, மாற்ற வேண்டாம் என்றார். தேவையில்லாத சாமானை என் தலையில் கட்டாத ஒரே ஆள் அவர்தான். ஷாஃப்டைப் பேலன்சிங் மெஷினில் ஓட்டிப் பார்த்த கூலியையும் சேர்த்து, மொத்தச் செலவு நான் வீணாக மாற்றிய ஒரு டயரின் விலையைக்கூடத் தொடவில்லை.

கிராஸ் இறுகியதற்குக் காரணம் கிரீஸ் போகாததுதான். பின்கோடிக் கிராஸில் கிரீஸ் ஏற்றும் நிப்பிள் மேற்பக்கம் திரும்பி நின்றால் பம்ப் எட்டாது. வண்டியைச் சற்று உருட்டினால்தான் அது கீழே வரும். வாட்டர் சர்வீஸில் அவசரத்தில் அதை விட்டுவிடுகிறார்கள். இப்போது நான் கீழே குனிந்து, நான்கு கிண்ணத்தின் ஓரத்திலும் பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுக்கிறேன்.

சரிசெய்த மறுநாளே சாத்தூரிலிருந்து காலி வண்டியை 75-இல் ஓட்டிக்கொண்டு வந்தேன். குமிழ் அசையவில்லை.

சென்ற மழைக்குப் பிறகு காரியாபட்டிப் பக்கம் ஒரு தோப்புக்குள் போய் வந்த வண்டி, நான்குவழிச் சாலையில் ஏறியதும் மறுபடியும் அதிரத் தொடங்கியது. ஆனால் இம்முறை ஸ்டீயரிங்கில், மெதுவான உதறலாக. ஷாஃப்ட் இப்படி உதறாது என்பது தெரிந்திருந்ததால் ஓரம்கட்டி முன்சக்கரத்தின் உட்பக்கம் கைவிட்டுப் பார்த்தேன். ரிம்முக்குள் ஒருபக்கமாகக் கரிசல் மண் கட்டியாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. ஸ்பானரால் சுரண்டிப் போட்டுவிட்டு ஓட்டினேன், உதறல் போய்விட்டது.