எஸ்என்எம்பி: மனப்பாடம் கைவிட்ட இடங்கள்

சிஸ்கோவின் நெட்வொர்க் தேர்வான சிசிஎன்ஏவுக்குப் படித்தபோது, சுவிட்ச் மாதிரி சாதனங்களைத் தூரத்திலிருந்து கண்காணிக்க உதவும் நெறிமுறையான எஸ்என்எம்பி பாடத்தை ஒரே ராத்திரியில் முடித்தேன். கண்காணிக்கும் மென்பொருளான மேனேஜர் சாதனத்திடம் கேள்வி கேட்பது யுடிபி போர்ட் 161, சாதனம் தானாக அனுப்பும் எச்சரிக்கையான டிராப் வந்து சேர்வது 162. அவ்வளவுதானே என்ற நினைப்பு. மாதிரித் தேர்வில் டிராப்புக்கும் இன்ஃபார்முக்கும் என்ன வித்தியாசம் என்று வந்ததும் முழித்தேன். இன்ஃபார்மும் சாதனம் தானாக அனுப்புவதுதான், ஆனால் அதற்கு மேனேஜர் பதில் அனுப்பியாக வேண்டும். டிராப் வழியில் தொலைந்தால் தொலைந்ததுதான்.

அதன் பிறகுதான் ஒரு பழைய சுவிட்சை வாங்கி, லினக்ஸ் லேப்டாப்பில் நெட்-எஸ்என்எம்பி என்ற மென்பொருளைப் போட்டு உட்கார்ந்தேன். சாதனத்தின் தகவல்களை வரிசையாகக் கேட்கும் வாக் கமாண்டை முதல் தடவை போட்டதுமே டைம்அவுட். பிங் போகிறது, கேபிள் சரி. அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், பாஸ்வேர்டு மாதிரியான கம்யூனிட்டி ஸ்ட்ரிங்கில் ஒரு எழுத்து பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். எஸ்என்எம்பி வெர்ஷன் 2சி-யில் ஸ்ட்ரிங் தப்பானால் 'தப்பு' என்று பதில் வராது, சாதனம் வாயே திறக்காது. யாரை உள்ளே விடலாம் என்ற பட்டியலான ஏசிஎல் தடுத்தாலும் இதே மௌனம்தான். இது எனக்குப் புத்தகத்தில் உறைக்கவில்லை.

ஒவ்வொரு தகவலையும் குறிக்கும் ஓஐடி எண்களைப் பார்த்து மிரள வேண்டாம், வீட்டு விலாசம் மாதிரிதான். 1.3.6.1.2.1.1.5.0 என்றால் சாதனத்தின் பெயர். கடைசி .0-வை விட்டுவிட்டு கெட் கமாண்டில் கேட்டால் அப்படி ஒன்று இல்லை என்று சொல்லும். கெட்நெக்ஸ்ட் என்றால் அடுத்ததைத் தேடித் தந்துவிடும். 5-க்குப் பதில் 3 போட்டால் அப்டைம், அதாவது எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பது. அதை நான் விநாடி என்று நினைத்து, சுவிட்ச் மாதக்கணக்கில் ஓடுகிறதே என்று வியந்தேன். நூறில் ஒரு விநாடிக் கணக்காம்!

கொஞ்சம் நின்று படிக்க வேண்டியது, லிங்க்கில் போன பைட்டுகளை எண்ணும் கவுண்டர். 32 பிட் கவுண்டர் 429 கோடி பைட்டைத் தாண்டியதும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். முழு வேகத்தில் ஓடும் 1 ஜிபிபிஎஸ் லிங்க்கில் இதற்கு 34 விநாடி போதும். 5 நிமிடத்துக்கொரு முறை கேட்டால் இடையில் எத்தனை சுற்று போனது என்றே தெரியாது, கிராஃப் கூசாமல் பொய் சொல்லும். அதற்குத்தான் 64 பிட் கவுண்டர். வெர்ஷன் 1-ல் அது கிடையாது.

வெர்ஷன் 3-ல் ஆத்-நோபிரிவ் என்ற பாதுகாப்பு நிலையில் பலர் சறுக்குகிறார்கள். ஆள் யார் என்று சரிபார்க்கும், ஆனால் தகவல் திறந்தபடியே போகும். என்கிரிப்ஷன் வேண்டுமென்றால் ஆத்-பிரிவ்.