ஒன்பதரைக்கு வந்தாலும் 7:12

திருப்பூரில் பனியன் கம்பெனி சம்பளக் கணக்கு பார்ப்பவர்களுக்கு வெள்ளிக்கிழமைதான் நெருக்கடியான நாள். சனிக்கிழமை கூலி கைக்குப் போயாக வேண்டும். நான் இருந்த கம்பெனியில் சூப்பர்வைசர் நோட்டில் எழுதித் தரும் நேரத்தை எக்செலில் ஏற்றுவார்கள். ஒரு வாரம் ஷீட்டைத் திறந்தால் 8.30-க்கு வந்தவருக்கும் 7:12, 9.30-க்கு வந்தவருக்கும் அதே 7:12.

காரணம் அந்தப் புள்ளி. கையால் எழுதும்போது ஒன்பதரையை 9.30 என்றுதான் எழுதுகிறோம், தட்டச்சிலும் அப்படியே வந்துவிடுகிறது. எக்செலுக்கு ஒரு முழு நாள்தான் 1. பகல் 12 மணி 0.5. ஆக 9.30 என்றால் அதற்கு ஒன்பது நாளும் இன்னொரு 0.3 நாளும். அந்த 0.3 நாள் என்பது 7 மணி 12 நிமிடம். செல் நேர வடிவத்தில் இருப்பதால் ஒன்பது நாள் கண்ணுக்குத் தெரியாது. ஃபார்முலா பாரில் பார்த்தால் மட்டும் 1900 ஜனவரி 9 என்ற தேதி எட்டிப் பார்க்கும்.

செல்லை ஜெனரலுக்கு மாற்றி, புள்ளியை எடுத்துவிட்டு முக்காற்புள்ளி போடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். 9.30 உள்ளே 9.3 ஆகத்தான் இருக்கிறது, மாற்றினால் 9:03 ஆகிவிடும். முழு எண்ணை 24-ஆல் வகுத்து, புள்ளிக்குப் பின்னால் உள்ளதை (இங்கே 0.3) 100-ஆல் பெருக்கி 1440-ஆல் வகுத்து, இரண்டையும் கூட்டினால் சரியான நேரம் வரும். சாயங்கால நேரமென்றால் அதோடு 0.5 கூட்ட வேண்டும்.

நேரம் சரியானது. அப்புறம் வாரக் கூட்டல். செக்கிங்கில் இருந்த அக்கா ஒருவர் கூலிச் சீட்டோடு வந்தார். “வாரம் பூரா நின்னேனுங்க தம்பி, நாலரை மணி நேரம்னு போட்டிருக்குதே?” அவர் வேலை பார்த்தது 52:30 மணி நேரம். 24 மணியைத் தாண்டினால் சாதாரண நேர வடிவம் முழு நாட்களை விட்டுவிட்டு மிச்சத்தைத்தான் காட்டும். 48 போக 4:30. உள்ளே மதிப்பு சரியாகவே இருந்தது, அதை 24-ஆல் பெருக்கிப் போட்ட கூலியும் சரி. ஃபார்மட் செல்ஸில் டைம் பிரிவில் உள்ள 37:30:55 என்ற மாதிரியைத் தேர்ந்தெடுத்ததும் 52:30:00 வந்தது.

பணம் சரியாகத்தானே இருக்கிறது, சீட்டை எதற்கு மறுபடி அடிக்க வேண்டும் என்று ஆபீஸில் கேட்டார்கள். ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி கேட்க அந்த அக்காவிடம் இருப்பது அந்தச் சீட்டு மட்டும்தான். எல்லோருக்கும் புதிதாக அடித்துக் கொடுத்தோம். நோட்டில் புள்ளி இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஷீட்டில் மட்டும் டேட்டா வேலிடேஷன் போட்டு, 1-ஐவிடக் குறைவான மதிப்பைத்தான் ஏற்கும்படி செய்தேன். 9.30 என்று அடித்தால் இப்போது உள்ளே போகாது.