பெரியப்பாவுக்குக் கீறல், எனக்குத் துளை: ஹெர்னியா அனுபவம்

ஹெர்னியாவுக்கு, அதாவது வயிற்றுச் சுவரில் ஓட்டை விழுந்து குடல் பிதுங்குகிற குடலிறக்கத்துக்கு, கீறித் தைப்பதா, துளை போட்டுக் கருவி விட்டு (லேப்ராஸ்கோப்பி) செய்வதா என்று காரைக்குடியில் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் "லேப்ராஸ்கோப்பிதான், மறுநாளே வீட்டுக்கு வந்துடலாம்" என்றார்கள், மீதிப் பேர் அது காசு பிடுங்குகிற வேலை என்றார்கள். எங்கள் வீட்டில் இரண்டுமே நடந்தது. பெரியப்பாவுக்குத் திறந்து செய்தார்கள், எனக்குத் துளை போட்டு.

எனக்கு மளிகைக் கடை. 25 கிலோ அரிசிச் சிப்பங்களை இறக்கி அடுக்குவது நானும் ஒரு பையனும்தான். வலது கவட்டையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு, படுத்தால் உள்ளே போய்விடும், இருமினால் வெளியே வரும். மெடிக்கலில் பெல்ட் வாங்கிக் கட்டினால் போதும் என்று சிலர் சொன்னதை டாக்டரிடம் கேட்டேன். பெல்ட் புடைப்பை அமுக்கி வைக்கும், ஓட்டையை அடைக்காது என்றார். புடைப்பு கல் மாதிரி இறுகி, உள்ளே போகாமல், வலியும் வாந்தியும் வந்தால் நேரம் காலம் பார்க்காமல் ஓடி வரணும், குடல் மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்றும் சொன்னார். அப்புறம் நிற்க வைத்து இருமச் சொல்லி இடது பக்கமும் தொட்டுப் பார்த்தார். அங்கேயும் ஒன்று கிளம்பியிருந்தது, எனக்கே தெரியாது. அதோடு பாதி முடிவாகிவிட்டது, ஏனென்றால் திறந்து செய்தால் இரண்டு பக்கமும் தனித்தனிக் கீறல், துளை என்றால் அதே மூன்று துளை வழியாக இரண்டு பக்கமும் ஓட்டையை மூடுகிற வலை வைத்துவிடலாம்.

பெரியப்பா கதை வேறு. எழுபது தாண்டியவர், இதயம் கொஞ்சம் பலவீனம், போதாததற்குப் பல வருஷம் முன்பே அடிவயிற்றைத் திறந்து புராஸ்டேட் ஆபரேஷன் ஆனவர். துளை முறைக்கு முழு மயக்கம் வேண்டும், கருவி போகிற இடமும் பழைய ஆபரேஷனில் ஒட்டிப்போயிருக்கும். அதனால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகிற ஊசி மட்டும் போட்டு, கவட்டையில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறி வலை வைத்தார்கள். ஆபரேஷன் நடக்கும்போதே டாக்டரிடம் தேவகோட்டைப் பக்கத்து நிலத் தகராறைப் பேசிக்கொண்டிருந்தாராம்.

வலி? அவருக்குக் கட்டிலிலிருந்து எழும்போது சுருக்கென்று பிடிக்கும், பழைய வீட்டு நிலைப்படியைத் தாண்டக் காலைத் தூக்கும்போது முகம் சுருங்கும். எனக்குக் கவட்டையில் அவ்வளவு இல்லை, தோள்பட்டைதான் வலித்தது! வயிற்றில் கைவைத்தால் தோள் ஏன் வலிக்கணும் என்று நர்ஸம்மாவிடம் கேட்டேன், இடம் பண்ண உள்ளே ஏற்றின வாயுதான், தானாகப் போய்விடும் என்றார், போய்விட்டது. விதைப்பை வீங்கி நீலம் பாய்ந்ததைப் பார்த்துத்தான் பயந்துபோனேன். அதுவும் வழக்கம்தானாம், ஆனால் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெரியப்பாவுக்குக் கீறலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் மரத்துத்தான் இருக்கிறது, வேட்டியை இறுக்கிக் கட்டும்போது ஒரு மாதிரி இருக்கு என்பார். திறந்து செய்யும்போது வழியில் இருக்கிற நரம்புகளால் இப்படி ஆவது உண்டு.

திரும்ப வருமா என்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, கை பழகிய டாக்டராக இருக்கணும், அவ்வளவுதான். துளை முறை கைவர நாளாகும், அதனால் மாதம் எத்தனை செய்கிறீர்கள் என்று நேராகவே கேட்டேன், கோபப்படாமல் சொன்னார். கேளுங்க, தப்பே இல்லை. செலவு எனக்குத்தான் கூட.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடப்பது என் வழக்கம். அதை டாக்டரிடம் கேட்டதற்கு, "நடங்க, நல்லதுதான், காவடியை மட்டும் இந்த வருஷம் வேற யாராவது தூக்கட்டும்" என்றார். சிப்பம் தூக்குவது பையன் பொறுப்பாகிவிட்டது. முக்காமல் மலம் போக வாழைப்பழம், கீரை, நிறையத் தண்ணீர்.

டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வையுங்கள். எந்த முறை, எந்த வலை என்று அதில் இருக்கும். பின்னால் எப்போதாவது திரும்ப வந்தால், திறந்து செய்தவருக்குப் பெரும்பாலும் துளை வழியாகவும், துளை போட்டவருக்குத் திறந்தும் செய்வார்கள், பழைய தழும்பில் மறுபடி கைவைக்காமல் இருக்க. பெரியப்பாவுடையதை ஆச்சி அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் மடித்து வைத்திருந்தார், மஞ்சள் கறை படிந்தே போச்சு, போட்டோ எடுத்து என் போனில் போட்டு வைத்திருக்கிறேன்.