பூக்களின் பள்ளத்தாக்கும் 4 கிலோமீட்டர் ஜீப்பும்

உத்தராகண்ட் இமயமலையில் இருக்கும் பூக்களின் பள்ளத்தாக்குக்குப் போகும் வழியில், கோவிந்த்காட்டில் ஒரு ஜீப்காரர் வாங்கிய காசை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. புல்னா வரைக்கும் வெறும் 4 கிலோமீட்டர். முந்தின நாள் இறங்கி வந்தவர்கள் ஆளுக்கு 60 ரூபாய் என்றார்கள். எங்களிடம் 200. கேட்டால், "மழை பெய்கிறதே, சாமான் வேறு இருக்கிறதே" என்கிறார். சாமான் என்பது ஆளுக்கொரு முதுகுப்பை! அதற்கப்புறம், தங்கும் ஊரான கங்கரியா வரை சுமார் 10 கிலோமீட்டர் ஏற்றம் காத்திருந்ததால் வாயை மூடிக்கொண்டு ஏறி உட்கார்ந்தோம்.

ஏற்றத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கோவேறு கழுதைச் சாணம், மழை, முட்டி வலி.

கங்கரியா சுமார் 3,050 மீட்டர் உயரம். அங்கே எல்லாமே முதுகில் ஏறித்தான் வருகிறது, அதனால் விலையும் ஏறுகிறது. எங்களைக் காப்பாற்றியது குருத்வாராதான். சீக்கியர்களின் புனிதத் தலமான ஹேம்குண்ட் போகிறவர்களுக்கான லங்கரில், அதாவது இலவசச் சமையற்கூடத்தில், யார் உட்கார்ந்தாலும் சாப்பாடு. நனைந்த சட்டையோடு தரையில் உட்கார்ந்தோம். ரொட்டியைக் கையேந்தி வாங்க வேண்டும். சூடு உள்ளங்கையில் இறங்கியது. பருப்பை மூன்று தடவை வாங்கினேன். உண்டியலில் நாங்களாகப் போட்ட காசுக்கு வயிறு எரியவே இல்லை.

சரி, பள்ளத்தாக்குக்கு வருவோம். கங்கரியா தாண்டியதும் பாதை பிரிகிறது. ஹேம்குண்டை விட்டு இடப்பக்கம் போக வேண்டும். புஷ்பாவதி ஆறு ஒரு குறுகலான இடுக்கு வழியாக இரைந்துகொண்டு வெளியே வருகிறது. அந்த இடுக்கும் அதன் செங்குத்துச் சுவர்களும்தான் இத்தனை காலமும் உள்ளே இருப்பதை மறைத்து வைத்திருக்கின்றன. பாலம் தாண்டி, பூர்ஜ மரங்களுக்கு நடுவே மூச்சிரைக்க ஏறினால், சட்டென்று எல்லாம் அகன்றுவிடுகிறது. பனியாறு குடைந்த அகலமான தொட்டி மாதிரி நிலம். கோடியில் திப்ரா பனியாறு. மேகம் விலகிய பத்து நிமிடத்தில் மட்டும் அதைப் பார்த்தோம்.

1931இல் காமேத் சிகரம் ஏறித் திரும்பிய பிரிட்டிஷ் மலையேறி ஃபிராங்க் ஸ்மைத் இங்கே வந்துதான் வெளியுலகுக்குச் சொன்னார். ஆட்டிடையர்களுக்கு எப்போதோ தெரிந்த இடம், அது வேறு விஷயம். 1982இல் தேசியப் பூங்காவானதும் மேய்ச்சல் நின்றது. அதற்கப்புறம்தான் அமேலா என்ற களை மண்டியது என்கிறார்கள் ஊர்க்காரர்கள். களை மண்டியிருப்பதை நாங்களே பார்த்தோம்.

பூவா? நம்ம காசித்தும்பையின் ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி ஆளுயரத்துக்கு ரோஸ் நிறத்தில் நிற்கிறாள். முற்றிய காயைத் தொட்டால் அதே மாதிரி வெடித்து விதை தெறிக்கிறது. நீலப் பாப்பி அப்படிக் கூட்டம் போடாது. பாறை இடுக்கில் தனியாக, தண்டெல்லாம் முள்ளோடு, இதழ் மட்டும் நனைந்த காகிதம் போல.

பூ வேண்டுமென்றால் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவுக்குள் போங்கள். மழையும் நிலச்சரிவும் அப்போதுதான், வேறு வழியில்லை. உள்ளே தங்க அனுமதி கிடையாது, விடிந்ததும் கிளம்பிவிடுங்கள்.

இறங்கும்போது புல்னாவில் அதே ஜீப், அதே ஆள். 60 ரூபாய் என்றார். மழை அப்போதும் கொட்டிக்கொண்டுதான் இருந்தது.