முதலில் யாராவது கேட்கட்டும்

காலை ஐந்தரைக்கே வாட்ஸ்அப்பில் பைபிள் வசனப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். சூரிய உதயம், ஒரு புறா, கீழே ஒரு வாக்குத்தத்தம். சபை குரூப், சொந்தக்காரர்கள் குரூப், அப்புறம் அபார்ட்மெண்ட் குரூப்பிலும் அதே படம். தண்ணி லாரி எப்போ வரும் என்று ஒருவர் கேட்டிருப்பார், அதற்குக் கீழே போய் நிற்கும். அனுப்புகிறவர்கள் அன்போடுதான் அனுப்புகிறார்கள், நான் கேலி செய்யவில்லை. ஆனால் இதோடு சுவிசேஷம் அறிவித்தாச்சு என்று கணக்கு எழுதிக்கொள்வதுதான் எனக்கு ஒத்துவரவில்லை.

1 பேதுரு 3:15-ஐப் பாருங்கள். நம்மிடம் இருக்கிற நம்பிக்கையைப் பற்றி "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்ல ஆயத்தமாக இருக்கச் சொல்கிறார் பேதுரு. அப்படியென்றால் கேள்வி அந்தப் பக்கத்திலிருந்து வரவேண்டும். ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் நம்மிடம் கடைசியாக எப்போது அப்படி ஏதாவது கேட்டார்?

ஐடா ஸ்கடர் கதை நம்மில் பலருக்கு சண்டே ஸ்கூலிலேயே தெரியும். மிஷனரி குடும்பத்தில் பிறந்தும் அந்த வேலையே வேண்டாம் என்றிருந்த பெண். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து, பிரசவத்தில் தவிக்கிற மனைவியைக் காப்பாற்றச் சொல்கிறார்கள். எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாதான் டாக்டர் என்கிறார் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போய்விட, அந்த மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன்பிறகுதான் அவர் அமெரிக்கா போய் 1899-ல் மருத்துவப் பட்டம் வாங்கி, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். அதுதான் வளர்ந்து சிஎம்சி ஆஸ்பத்திரி ஆனது. இன்றைக்கு அதன் பக்கத்துத் தெருக்களில் லாட்ஜுக்கு லாட்ஜ் வங்காளத்தில் போர்டு தொங்குகிறது. அவ்வளவு தூரத்திலிருந்து ரயிலேறி வருகிறவர்கள் சுவிசேஷக் கைப்பிரதி படித்துவிட்டா வருகிறார்கள்?

சரி, இதைச் சொன்னதும் சிலருக்குக் குஷியாகிவிடும். "நான் வாழ்ந்து காட்டுறேன், வாயைத் திறக்க மாட்டேன்" என்பார்கள். அது பாதி உண்மை, மீதி கூச்சம். மதம் மாற்ற வந்துவிட்டான் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயமும் அதில் சேர்ந்திருக்கிறது, இந்தக் காலத்தில் அது புரிகிறது. ஆனாலும் ஒருத்தர் நேராகக் கேட்கும்போது மழுப்பினால், அதற்குப் பெயர் சாந்தம் இல்லை.

இன்னொரு சங்கடம், நமக்கு வருகிற கேள்வி நாம் எதிர்பார்க்கிற கேள்வியாக இருப்பதில்லை. "உங்கள்ல சாதி இல்லைன்னு சொல்றீங்க, பொண்ணு பார்க்கிற விளம்பரத்துல மட்டும் ஏன் போடுறீங்க?" இதைத்தான் கேட்கிறார்கள். திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் ஒரே சர்ச்சுக்குள் சுவர் எழுப்பி சாதிவாரியாக உட்காரவைத்த சரித்திரம் நமக்கு உண்டு. சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் இன்னும் தனித்தனி. இதற்கு வசனத்தைத் தேடாமல் "ஆமாம், தப்புதான்" என்று சொல்லுங்கள். அப்புறம் உங்கள் பிள்ளை கல்யாணத்தில் அதைச் செய்யாமல் இருங்கள். ஊரே ஏன் என்று கேட்கும், சொந்தக்காரர்கள் கொஞ்சம் சத்தமாகவே கேட்பார்கள்.

நம் ஊரில் வேறொரு வாசலும் திறந்தே இருக்கிறது. வேற மதத்துக்காரர்கள்கூட "எங்கம்மாவுக்கு ஆபரேஷன், உங்க சர்ச்சுல ஜெபம் பண்ணச் சொல்லுங்க" என்று கூச்சப்படாமல் கேட்பார்கள். அந்த நேரம் பார்த்து பையிலிருந்து கைப்பிரதியை எடுக்காதீர்கள். உண்மையாகவே ஜெபம் பண்ணுங்கள், ஆஸ்பத்திரிக்கு ஒரு ஃபிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுபோங்கள், ராத்திரி துணைக்கு ஆள் வேண்டுமா என்று விசாரியுங்கள், டிஸ்சார்ஜ் ஆனபிறகும் அம்மா எப்படி இருக்காங்க என்று கேளுங்கள். ஏன் இவ்வளவு செய்றீங்க என்று அவரே ஒருநாள் கேட்டால் அப்போது இயேசுவைப் பற்றிச் சொல்லலாம், இரண்டு நிமிஷம் போதும், சபை பாஷை மட்டும் வேண்டாம். "இரத்தத்தால் கழுவப்பட்டேன்" என்று ஆரம்பித்தால், ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிற மனுஷன் வேறு ஏதோ நினைத்துப் பயந்துவிடுவார்.