0.05 என்று வந்த வரி

ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் நான் எழுதிய அறிக்கையிலிருந்து திரையில் வந்தது ஒரே ஒரு வரி: "குழு ஆ: பி மதிப்பு 0.05, வேறுபாடு குறிப்பிடத்தக்கது." பக்கத்து இருக்கைக்காரர் அதைப் படித்துவிட்டுக் கேட்டார்: "0.05-க்குக் கீழே போனாத்தானே குறிப்பிடத்தக்கதுன்னு எழுதுவோம்? இதுல எண் தப்பா, வார்த்தை தப்பா?" உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும், இவ்வளவோ இதைவிடப் பெரிதாகவோ ஒரு வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்புதான் பி மதிப்பு.

"ரெண்டுமே சரிதாங்க" என்றேன். அது பொய் இல்லை. ஆனாலும் அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது.

உள்ளே இருந்த மதிப்பு 0.0496. எண்ணை எழுத்தாக வடிவமைக்கும் ஸ்பிரிண்ட்எஃப் என்ற ஆர் செயல்கூறிடம் "%.2எஃப்" என்று கொடுத்தால், அதை இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கி "0.05" என்ற எழுத்துச்சரமாகத் திருப்பித் தரும். "குறிப்பிடத்தக்கது" என்ற சொல்லைப் பொறுக்கிய இஃப்எல்ஸ் நிபந்தனை, சுருக்காத 0.0496-ஐப் பார்த்தது. கணக்கு முழு மதிப்பில் நடக்க வேண்டும், சுருக்குவது கடைசியில் காட்டும்போது மட்டும் இருக்க வேண்டும் என்பதுதான் ஒழுங்கான வழி. அந்த ஒழுங்கை மீறவில்லை.

மீறியிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தால் நியாயம் என் பக்கம்தான். பி மதிப்புகளை முதலிலேயே ரவுண்ட் போட்டுச் சேமித்திருந்தால், 0.05 என்பது 0.05-ஐவிடக் குறைவா என்று ஆர் கேட்டு, இல்லை என்று முடிவு செய்திருக்கும். எண்ணும் வார்த்தையும் அழகாக ஒத்துப்போயிருக்கும். முடிவு மட்டும் தவறு. யாரும் கேள்வியே கேட்டிருக்க மாட்டார்கள். ஸ்பிரிண்ட்எஃப் தந்ததையே எடுத்து ஒப்பிடுவது அதைவிட மோசம். வருவது எண் அல்ல, எழுத்து. "10.2", "9.8" இரண்டையும் எழுத்தாக ஒப்பிட்டால் 10.2-தான் சிறியது என்று ஆர் சொல்லும், ஏனென்றால் அகரவரிசையில் 1 முன்னால் வருகிறது. ஒரு எச்சரிக்கைகூட வராது.

அப்படியானால் தசம இடத்தைக் கூட்டிவிடலாமே? மூன்றாக்கினால் "0.050" வருகிறது. பழைய குழப்பம், கூடவே ஒரு பூஜ்ஜியம். நான்காக்கினால்தான் "0.0496" வெளியே தெரிகிறது. அந்த ஒரு வரிக்காக மற்ற வரிகளிலும் 0.3127, 0.7740 என்று நான்கு இடம் காட்டினால், சின்னத் தரவுக்கு இல்லாத துல்லியத்தைக் காட்டுவதாகிவிடும். ஃபார்மேட் செயல்கூறில் இது தானாகவே நடக்கிறது. அது முழு நெடுவரிசைக்கும் ஒரே அளவு தசம இடத்தைத்தான் வைக்கும். 0.0496, 0.3127 இரண்டையும் டிஜிட்ஸ் 2 என்று கொடுத்தால் "0.05", "0.31". டிஜிட்ஸ் 3 என்றால் "0.0496", "0.3127". டிஜிட்ஸ் என்பது தசம இடங்களை அல்ல, முக்கிய இலக்கங்களை, அதாவது முன்னால் நிற்கும் பூஜ்ஜியங்களை விட்டு எண்ணும் இலக்கங்களைக் குறிப்பது. அதனால் சின்ன எண் ஒன்று மொத்த வரிசையையும் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறது. பி மதிப்புக்கென்றே இருக்கும் ஃபார்மேட்.பிவேல், இப்ஸ் என்ற கீழ் எல்லையை 0.001 என்று கொடுத்தால், மிகச் சிறியவற்றை "<0.001" என்று எழுதும், "0.000" என்ற அபத்தம் வராது. அதைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். ஆனால் 0.05-ஐ ஒட்டி நிற்கும் எண்ணுக்கு அதனிடமும் தனி மருந்து இல்லை.

ஒரு வகையில், அந்த வரி முரண்பட்டபடியே கண்ணில் பட்டது நல்லதுதான். கண்ணில் படாமலே போகும் தவறுகளும் உண்டு. ஸ்பிரிண்ட்எஃப்புக்கு மதிப்பே இல்லாத பட்டியல், அதாவது வெற்று வெக்டர் ஒன்று போய்ச் சேர்ந்தால், அதாவது வடிகட்டியதில் ஒரு குழுவில் யாருமே மிஞ்சவில்லை என்றால், திரும்பி வருவதும் வெற்று வெக்டர்தான். அதை, திரையில் எழுதும் கேட் (cat) செயல்கூறிடம் கொடுத்தால் திரையில் எதுவும் வராது. பிழைச்செய்தி இல்லை, காலி இடம்கூட இல்லை. அறிக்கையில் நான்கு குழுவுக்கு மூன்று வரி இருக்கும். எழுத்துகளை ஒட்டிச் சேர்க்கும் பேஸ்ட் அப்படிச் செய்யாது, "குழு ஈ:" என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் வெறுமையாக விடும். அந்த வெறுமை எவ்வளவோ மேல், பார்ப்பவர் கேட்பாரே! ஸ்பிரிண்ட்எஃப்பில் முழு எண்ணுக்கான "%டி" இருக்கும் இடத்தில் 30.5 போன்ற எண் வந்தால் ஆர் பிழை சொல்லி நின்றுவிடும். அதையும் குறை சொல்ல மாட்டேன்.

கேட் செயல்கூறும் இப்படித்தான் சத்தமில்லாமல் மாற்றிவிடும். குழுவின் பெயர் ஃபேக்டராக, அதாவது பெயர்களை உள்ளே எண்களாக வைக்கும் தரவு வகையாக இருந்தால், "ஆ" வர வேண்டிய இடத்தில் 2 என்று அதன் உள் எண்ணை எழுதும். தேதியைக் கொடுத்தால், 2024 ஜனவரி 1 என்பது 19723 ஆகிவிடும். 1970 ஜனவரி 1-லிருந்து எண்ணிய நாள்கள் அவை. இரண்டுக்கும் முதலில் ஃபார்மேட் அல்லது ஆஸ்.கேரக்டர் போட வேண்டும். பிரிண்ட் இந்தத் தவறுகளைச் செய்யாது, ஆனால் முன்னால் [1], சுற்றிலும் மேற்கோள்குறி என்று வரும். புதுவரிக் குறியீட்டையும் வரியாக உடைக்காமல் எழுத்தாகவே காட்டும். அறிக்கைக்கு அது உதவாது. அதனால் கேட்டையும் ஸ்பிரிண்ட்எஃப்பையும் விட முடிவதில்லை.

இப்போது அந்த வரி மட்டும் "%.4எஃப்" என்று மாறியிருக்கிறது. கீழே அட்டவணையில் அதே மதிப்பு இன்னும் 0.05 என்றே இருக்கிறது, அங்கே மற்ற எல்லாமே இரண்டு இடம் என்பதால். சுருக்குவது கடைசியில் மட்டும் என்று இவ்வளவு சொல்லிவிட்டு, ஒரே மதிப்புக்கு இரண்டு முகம் கொடுத்தாகிவிட்டது. இஃப்எல்ஸையும் அந்த வார்த்தையையும் அப்படியே எடுத்துவிட்டு, எண்ணை மட்டும் எழுதியிருக்கலாமோ என்று தோன்றுகிறது. 0.0496-க்கும் 0.0504-க்கும் நடுவில் அவ்வளவு பெரிய சுவர் ஒன்றும் இல்லை. சுவர் எழுப்பியது அந்த வார்த்தைதான். ஆனால் அறிக்கை படிப்பவர்கள் முதலில் தேடுவதும் அந்த வார்த்தையைத்தான். இதுவரை அதை எடுக்கவில்லை.