விபவ வருஷத்துப் புரோநோட்டு: 1868ஆ, 1928ஆ?

வீட்டுக் கட்டில் கிடந்த ஒரு புரோநோட்டில், அதாவது கடன் வாங்கியவர் எழுதிக் கொடுத்த சீட்டில், வருஷம் ‘விபவ’ என்றுதான் இருக்கிறது. தமிழ் வருஷப் பெயர் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும், அதனால்தான் இந்தக் கேள்வி. விடை 1928தான். சித்தப்பா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு கதை.

வீட்டுப் பத்திரக் கட்டோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி பழகியிருக்கும். நோட்டில் ஆங்கிலத் தேதியே கிடையாது. ‘விபவ ௵ ஆடி ௴ ௰௫ ௳ திங்கட்கிழமை’ (விபவ வருஷம் ஆடி மாதம் 15ஆம் தேதி), நாகப்பட்டணம் ரயில்வே கம்பெனிப் பட்டறையில் வேலை, இன்னார் மகன் இன்னார், ரூபாய் நாற்பது. (பெயரைப் போடவில்லை. சொந்தபந்தம் சண்டைக்கு வரும்.) ஸ்டாம்ப் இருந்த இடத்தில் பழுப்பாகப் பசைக் கறை மட்டும். அதன்மேல் போட்ட கையெழுத்தில் பாதி ஸ்டாம்போடு போய்விட்டது. கறைக்கு வெளியே கடைசி இரண்டு எழுத்துதான் மிச்சம். ஸ்டாம்ப் இருந்திருந்தால் தலை விக்டோரியாவா ஐந்தாம் ஜார்ஜா என்று பார்த்து அன்றைக்கே கட்டை மூடியிருப்பேன்.

பெயரை வைத்துப் பிடிக்கலாம் என்றால், நம் வழக்கம் தெரியுமே: பேரனுக்குத் தாத்தா பெயர். அறுபது வருஷம் என்பது கிட்டத்தட்ட இரண்டு தலைமுறை. ஆக 1868இலும் இதே அப்பன், இதே மகன். 1928இலும் இதே அப்பன், இதே மகன். வருஷமும் சுற்றி வருகிறது, பெயரும் கூடவே சுற்றி வருகிறது.

தொழிலும் கை கொடுக்கவில்லை. நாகப்பட்டணத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு 1861–62இலேயே ரயில் ஓடியாயிற்று. ‘ரயில் வந்த நாளிலிருந்து நாம ரயில்காரங்கடா’ என்பது சித்தப்பாவின் நிரந்தர வசனம். 1868 என்றால் அந்தப் பெருமை நிற்கும். ஆனால் கட்டில் எட்வர்ட் ராஜா தலை போட்ட முத்திரைத்தாளில் ஒரு கிரயப் பத்திரம் இருக்கிறது, 1901–10க்குள். அதில் எழுதிக் கொடுத்தவர், நோட்டு 1868 என்றால் இந்த நோட்டுக்காரரின் மகனாக இருக்கலாம், 1928 என்றால் அப்பாவாக இருக்கலாம். அவருக்குச் சைவ மதம், கொல்லு ஜீவனம் (கொல்லர் தொழில்) என்று சுத்தமாக எழுதியிருக்கிறது. அப்பா ரயில் பட்டறையில் இருக்க, மகன் ஊரில் துருத்தி ஊதப் போனாரா?

கிழமைக் கணக்கில்தான் என் தூக்கம் போனது. 1868இல் ஆடி 1 செவ்வாய், ஜூலை 14. அப்படியானால் ஆடி 15உம் செவ்வாய். 1928இல் ஆடி 1 ஜூலை 16, திங்கள்; ஆடி 15 ஜூலை 30, அதுவும் திங்கள். பொருந்துகிறது என்று துள்ளிக் குதிக்க முடியாது. சூரியன் கடகத்தில் நுழைவது அஸ்தமனத்துக்கு முன்னால் என்றால் அன்றே ஆடி 1, பின்னால் என்றால் மறுநாள். வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு பஞ்சாங்க முறைகளுக்கும் நாழிகை இடிக்கும்போது தேதி ஒரு நாள் நகரும். இந்த இரண்டு வருஷத்துக்கும் இடையே வித்தியாசமே ஒரே ஒரு கிழமைதான். சித்தப்பா கையில் பஞ்சாங்கத்தோடு காத்திருக்கிற வீட்டில் இதை ஆதாரம் என்று நீட்ட முடியாது.

கடைசியில் தீர்த்து வைத்தது காகிதம். எழுத்தையே முறைத்துக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு, இரவில் விளக்கை அணைத்து, செல்போன் டார்ச்சைத் தாளுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தேன். நேராகப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. மடிப்புக் கோடுகள்தான் பளிச்சிடும். ஒரு வெள்ளைத் தாளை நடுவில் வைத்து வெளிச்சத்தை மட்டுப்படுத்தி, டார்ச்சை மெல்ல ஓரத்துக்கு நகர்த்தும்போது கீழ் மூலையில் நீரோட்டக் குறி (வாட்டர்மார்க்) எழும்பியது. முதல் பாதி வெட்டுப்பட்டிருக்க, ‘டாகர்’ என்று முடியும் ஆங்கில எழுத்துகள். டிட்டாகர் காகித ஆலை! கல்கத்தா பக்கத்தில் அந்த ஆலை கிளம்பியதே 1880களில். 1868இல் அந்தத் தாளுக்கு வழியே இல்லை.

இடையில் ஒரு வேண்டுகோள்: பழைய பத்திரத்தை லேமினேஷன் போடாதீர்கள். எங்கள் பெரியப்பா பாதுகாப்பு என்று ஒரு ஒத்திப் பத்திரத்தைப் போட்டுவிட்டார்; இப்போது டார்ச் அடித்தால் பிளாஸ்டிக்தான் மினுங்குகிறது. பாலியெஸ்டர் உறை போதும். பாரிமுனையில் மொத்தக் கடைகளில் கேட்டால் பிவிசியை எடுத்து நீட்டுவார்கள், பார்த்து வாங்குங்கள்.

ஆக, எட்வர்ட் ராஜா காலம்வரை கொல்லன் உலை. ரயில் பட்டறைக்குப் போனது அடுத்த தலைமுறை. அந்த ஆடி 15தான் இப்போது என்னைப் பிடித்து ஆட்டுகிறது. 1928 ஜூலை என்றால் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம். நாகப்பட்டணம், போத்தனூர் பட்டறைகளைத் திருச்சி பொன்மலைக்கு மாற்றுவது, ஆள்குறைப்பு என்று பெரிய கலவரம். தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சிறைக்குப் போனார். சம்பளம் இல்லாத அந்த மாதத்தில்தான் நாற்பது ரூபாய் கைமாற்றா? நோட்டில் காரணம் ‘குடும்பச் செலவுக்காக’ என்றுதான் இருக்கிறது. எல்லா நோட்டிலும் அப்படித்தான் எழுதுவார்கள்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வேலைநிறுத்தம் சம்பந்தமான அரசாணைகளைத் தேட வேண்டும். அதற்கு முன், பதிவு அலுவலகத்தில் 1920களின் அட்டவணைப் புத்தகத்துக்குக் கொடுத்த மனு அப்படியே கிடக்கிறது. போகும்போதெல்லாம் ‘பைண்டிங் உதிருது சார், அடுத்த வாரம் வாங்க’ என்கிறார்கள். பொன்மலையில் அந்தக் காலத்துப் பிராவிடண்ட் ஃபண்ட் நியமனத் தாள்களை வீட்டில் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அப்பன் பெயர், சொந்த ஊர், வேலை மூன்றும் அதில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு மாதிரி பார்த்தால் போதும்.